எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்கள்?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. திண்டுக்கல் பக்கம் ஊர். இரண்டு வருஷமாகப் போட்டோ எடுக்கிறேன். கேனான் 200டி மார்க் 2 கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருக்கின்றன. முகங்களை எடுப்பதில்தான் எனக்கு ஆசை. சின்னாளபட்டியில் அம்மாச்சி வீடு. அந்தத் தெருவில் தறி போடுகிறவர்களை ஒரு தொகுப்பாக எடுக்க நினைக்கிறேன். ஆனால் முகம் சரியாக வருவதில்லை. அம்மாச்சி தன் படத்தைப் பார்த்துவிட்டு, “என் மூக்கு இவ்வளவு பெருசாடி?” என்று கேட்டுவிட்டார். 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்க 35,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். சிலர் 50 எம்எம் போதும் என்கிறார்கள், சிலர் முதலில் ஃபுல் ஃபிரேமுக்கு மாறு என்கிறார்கள். இன்னொன்று, யாருடைய ப்ரீசெட்டைப் போட்டாலும், அதாவது மற்றவர்கள் செய்து வைத்த ரெடிமேட் நிற அமைப்பைப் போட்டாலும், என் படம் அவர்கள் படம் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கென்று ஒரு ஸ்டைல் எப்படி வரும்? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மூன்று படங்களையும் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். அம்மாச்சி படத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அதற்குள் கிடக்கிறது. ஃபைலோடு பதிவாகியிருக்கும் விவரத்தைத் திறந்தால் 18 எம்எம் என்று காட்டுகிறது. இந்த எம்எம் எண் குறைந்தால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும், கூடினால் தொலைவில் இருப்பதைக் கிட்டே இழுக்கும். உங்கள் கேமராவில் 18 எம்எம் வைத்துக்கொண்டு ஒருவருடைய தலையும் தோளும் படம் முழுக்க நிறைய வேண்டுமென்றால் ஒன்றரை அடிக்குக் கிட்டே போயாக வேண்டும். நீங்கள் போயிருக்கிறீர்கள். அம்மாச்சியின் மடியில் உட்காராத குறைதான்.

ஒரு முகத்தில் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் ஆழம் இருக்கிறது. கேமரா மூக்கிலிருந்து 48 சென்டிமீட்டரில் இருந்தால் காது 60-ல் இருக்கும். அப்படியானால் காதோடு ஒப்பிடும்போது மூக்கு கால் பங்கு பெரிதாகப் பதிவாகும். அதே முகத்தை நாலரை அடியிலிருந்து எடுத்தால் அந்த வித்தியாசம் பத்தில் ஒரு பங்குகூட வராது. எட்டு அடிக்குப் போனால் இருபதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அம்மாச்சி கேட்டது நியாயமான கேள்வி. அவருடைய முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது கைக்குழந்தைகள் மட்டும்தான். மற்றவர்கள் நாலடி, ஐந்தடி தள்ளி நின்றுதான் அவரைப் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. முகத்தை மாற்றுவது லென்ஸ் என்று நினைக்கிறார்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் இன்று சாயங்காலமே செய்து பாருங்கள். அம்மாச்சியை ஒரு முக்காலியில் உட்கார வையுங்கள். ஐந்தடி தள்ளி ஒரே இடத்தில் நின்று 18-ல் ஒரு படம், 55-ல் ஒரு படம் எடுங்கள். 18-ல் எடுத்ததில் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, 55-ல் எடுத்ததற்குப் பக்கத்தில் வையுங்கள். மூக்கும் காதும் கன்னமும் ஒரே அளவில் இருக்கும். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். அந்தத் தூரத்தில் நின்றபடி படத்துக்குள் எவ்வளவு வர வேண்டும் என்பதை மட்டும்தான் லென்ஸ் தீர்மானிக்கிறது.

சரி, அப்புறம் எதற்கு லென்ஸைப் பற்றி இவ்வளவு பேச்சு? காரணம் இருக்கிறது. கையில் எந்த லென்ஸ் இருக்கிறதோ அதற்கேற்ற தூரத்துக்கு நம் கால்கள் தாமாகவே போய்விடும். லென்ஸ் வாங்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது ஒரு தூரத்தை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு சுண்ணாம்புக் கோடு. நான் 1988-ல் மதுரையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். சிவப்பு சிமெண்டுத் தரையில் ஒரு கோடு கிழித்திருக்கும். ஸ்டாண்டின் முன்கால் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அங்கிருந்து சரியாக ஏழு அடியில் ஸ்டூல், அதற்குப் பின்னால் ஆறடி விட்டுப் படுதா. கேமரா யாஷிகா மேட் 124ஜி. அதில் 80 எம்எம் லென்ஸ், கழற்றி மாற்ற முடியாது. ஒரு மீட்டருக்கு உள்ளே அது ஃபோகஸும் ஆகாது. ரோலுக்கு 12 படம். முதலாளி அந்தக் கோட்டை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஏழு அடியில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமலே பேசலாம். வந்தவரிடம் ஊர் என்ன, பிள்ளைகள் எத்தனை என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். தோள் கொஞ்சம் இறங்கும். அந்த நேரத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து வீடுகளில் இன்றும் கறுப்புச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படங்களில் எது எங்கள் கடையில் எடுத்தது என்று தூரத்திலிருந்தே என்னால் சொல்ல முடியும். முகம் நிமிர்ந்திருக்கும், ஆனால் விறைத்திருக்காது. கண் நேராக நம்மைப் பார்க்கும். அவருக்கு ஸ்டைல் என்ற சொல்லே தெரியாது. ஒரே தூரத்தில் நின்று, ஒரே மாதிரி அன்பாகப் பேசியதில் அது வந்தது.

இப்போது 85-க்கும் 50-க்கும் வருவோம். உங்கள் கேமராவில் இருப்பது கிராப் சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்கிற சில்லு ஃபுல் ஃபிரேம் கேமராவில் இருப்பதைவிடச் சின்னது. கேனானில் அதற்கு 1.6 என்று கணக்கு. 50 எம்எம் போட்டால் ஃபுல் ஃபிரேமில் 80 போட்ட மாதிரி தெரியும், 85 போட்டால் 136 போட்ட மாதிரி. போர்ட்ரெய்ட்டுக்கு 85 என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஃபுல் ஃபிரேமை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அவர்கள் 85-ல் பார்க்கும் பார்வை உங்களுக்கு 50-லேயே கிடைத்துவிடுகிறது.

அடிக்கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். உங்கள் கேமராவை நிமிர்த்திப் பிடித்து, தலையும் தோளும் மட்டும் எடுக்க 50-ல் நாலரை அடி வேண்டும், 85-ல் எட்டு அடி. இடுப்பு வரை எடுக்க 50-ல் ஆறரை, 85-ல் பதினொன்று. ஆளை முழுசாக எடுக்க 50-க்குப் பதினாலு அடி, 85-க்கு இருபத்து நாலு. இப்போது சின்னாளபட்டி வீட்டை நினைத்துப் பாருங்கள். குழித்தறி போட்ட அறையில் தறி போக மிச்சம் எவ்வளவு இடம் இருக்கும்? ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் நீளவாட்டில் கட்டிய பாவு நூல். அங்கே 85-ஐ வைத்துக்கொண்டு நின்றால் முதுகு சுவரில் இடிக்கும், படத்தில் முகம் மட்டும் இருக்கும். தறியும் இருக்காது, நாடா (குறுக்கு நூலை ஓட்டும் கட்டை) பிடித்த கையும் இருக்காது. நெசவாளியை எடுக்கப் போய், யாரோ ஒருவருடைய முகத்தை எடுத்துக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் என் யோசனை: 50 எம்எம் எஃப் 1.8 வாங்குங்கள். 85-ன் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். மிச்சப் பணத்தைத் தொடாதீர்கள். நாலைந்து மாதம் கழித்து, தறியோடு சேர்த்து ஆட்களை எடுக்கிற ஆசை உறுதியானால் 24 எம்எம் எஃப் 2.8 என்று ஒரு தட்டையான சின்ன லென்ஸ் கேனானில் இருக்கிறது, அதைப் பாருங்கள். அதில் ஏழு அடியிலேயே ஆளை முழுசாக எடுத்துவிடலாம். 85-ஐ அப்போதும் நீங்கள் தேட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஃபுல் ஃபிரேம் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் மூன்று படங்களிலும் நான் பார்த்த எந்தக் குறையையும் அது தீர்க்காது.

தொலைவுக்கு நல்ல லென்ஸ் வாங்கிய அனுபவம் எனக்கும் உண்டு. தவணையில் ஒரு 70-200 வாங்கி, ஒன்றரைக் கிலோ எடையை இரண்டு வருஷம் தூக்கித் திரிந்தேன். பின்னணி வெண்ணெய் மாதிரி கரைந்தது, வாடிக்கையாளர்களுக்குப் பிடித்தது. ஆனால் பதினைந்து அடி தள்ளி நின்று “கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க” என்று கத்திக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு வருஷத்துப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாரும் அழகாக இருக்கிறார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. சிலருக்கு அந்தத் தள்ளி நிற்றல் இயல்பாகவே பொருந்தும், அவர்கள் படங்களில் அது குறையாகத் தெரியாது. எனக்குப் பொருந்தவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்கும் பொருந்தாது என்றுதான் தோன்றுகிறது. அம்மாச்சியை எடுக்க ஒன்றரை அடிக்குப் போனவர் நீங்கள். கிட்டே போக வேண்டும் என்கிற அந்த ஆசையை விட்டுவிடாதீர்கள். மூன்றடி மட்டும் பின்னால் வாருங்கள்.

எஃப் 1.8 பற்றி ஒரு எச்சரிக்கை. எஃப் எண் சொல்வது லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை. எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லாரும் முதல் ஆறு மாதம் அதை முழுசாகத் திறந்தே வைத்து எடுப்பார்கள். நாலரை அடியில் எஃப் 1.8 வைத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம். ஒரு கண் தெளிவாக இருக்கும், முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் மறு கண் கலங்கும், காதும் தோடும் காணாமலே போகும். எஃப் 4 வைத்தால் அந்த ஆழம் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் ஆகிறது, அதாவது மூக்கு நுனியிலிருந்து காது வரை. உங்கள் அம்மாச்சியின் காதில் அந்தப் பழைய தோடு இருக்கிறதே, அதற்காகவாவது எஃப் 4 வையுங்கள். பின்னணி கலங்க வேண்டுமானால் ஆளைச் சுவரிலிருந்து பத்தடி முன்னால் கொண்டுவந்து உட்கார வையுங்கள். கிட் லென்ஸிலேயே 55-ல் வைத்து இதைச் செய்தால் சுவர் மெல்லக் கரைவதைப் பார்ப்பீர்கள்.

அந்த 1.8-ன் உண்மையான பயன் வெளிச்சத்தில் இருக்கிறது. உங்கள் கிட் லென்ஸ் 55-ல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50-ஐ எஃப் 2-ல் வைத்தால் அதைவிட எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். தறி அறையில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறனை, 3200-ல் வைத்துப் புள்ளி புள்ளியாக வந்த அந்த இரண்டாவது படத்தை ஐஎஸ்ஓ 400-ல் எடுத்திருக்கலாம். ஷட்டர் வேகத்தை மட்டும் 1/200 நொடிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வயதானவர்களின் தலை லேசாக ஆடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது படம், அந்தத் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றுகிற அம்மா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் கறுப்பு. படத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு நிறத்தில் இருக்கிறார். ப்ரீசெட் செய்த வேலை. அதற்கு மேல் முகத்தை மட்டும் தனியாக வெளுக்க வைத்திருக்கிறீர்கள், கழுத்தில் ஒரு கோடு தெரிகிறது. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். நம் ஊரில் “கொஞ்சம் கலராக்கிக் குடுங்க” என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது, நானும் பல வருஷம் ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். நிறுத்திவிட்டேன். அந்த அம்மாவின் மகனோ மகளோ இருபது வருஷம் கழித்து அந்தப் படத்தைக் கையில் எடுக்கும்போது அம்மாவின் நிறம் அதில் இருக்க வேண்டும்.

கறுத்த தோலை எடுப்பது கஷ்டம் என்று சொல்வது சோம்பேறித்தனம். வெளுத்த தோலில் வடிவத்தைக் காட்டுவது நிழல். கறுத்த தோலில் வடிவத்தைக் காட்டுவது பளபளப்பு: கன்ன மேட்டில், நெற்றியில், மூக்குத் தண்டில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும் அந்தக் கோடு. அதற்குப் பெரிய, மெதுவான வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். வாசல் கதவைத் திறந்து வையுங்கள், நேர் வெயில் விழாத நேரமாகப் பார்த்து ஆளை வாசலிலிருந்து மூன்றடி உள்ளே உட்கார வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் இருண்ட கன்னத்திலும் ஒரு கோடு வந்துவிடும். திண்ணையில் காலை ஏழரை மணிக்கு வருகிற வெளிச்சத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அப்புறம், அம்மாச்சி வெள்ளைப் புடவை கட்டியிருக்கிறார். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் ஆக்கப் பார்க்கும். நிறைய வெள்ளையைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் இருட்டாக்கும், அதில் முகம் அமுங்கிவிடும். முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றுங்கள், ரா (RAW) ஃபைலாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாக எடுங்கள், புடவை எரிந்துவிடாமல் திரையில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டைல் எப்படி வரும் என்று கேட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோவில் சேய்டு கெய்ட்டா என்பவர் 1948-ல் ஸ்டுடியோ தொடங்கினார். பெரும்பாலும் முற்றத்தில், இயற்கை வெளிச்சத்தில்தான் எடுப்பார். முதல் படுதாவாக அவர் தொங்கவிட்டது தன் சொந்தப் படுக்கை விரிப்பு. சில வருஷத்துக்கு ஒருமுறை துணியை மாற்றுவார். பிற்காலத்தில் எந்தப் படம் எந்த வருஷம் எடுத்தது என்று அவர் கண்டுபிடித்ததே பின்னால் தொங்கும் துணியை வைத்துத்தான். கோலம் போட்ட மாதிரி பின்னணித் துணி, அதற்கு முன்னால் வேறு கோலத்தில் உடை போட்டுக்கொண்டு நிற்கும் பெண்கள். இன்று உலகமே அதை அவருடைய முத்திரை என்கிறது. கையில் இருந்த துணியும் முற்றத்து வெளிச்சமும்தான் அந்த முத்திரை.

இன்னொருவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், தன் 48-ஆம் வயதில், இங்கிலாந்தில் இருந்தபோது மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் படம் எடுக்கத் தொடங்கினார். மற்ற ஸ்டுடியோக்கள் ஆளை முழுசாக நிற்க வைத்துத் தள்ளி நின்று எடுத்த காலம் அது. இவர் தலை மட்டும் நிறையும்படி கிட்டே போனார். அந்தக் காலத்து லென்ஸில் அவ்வளவு கிட்டே போனால் ஆழம் கிடையாது, வெளிச்சம் பதிய நிமிஷக்கணக்கில் ஆகும், ஆள் அசைவார். படங்கள் கலங்கின. ஃபோகஸ் செய்யத் தெரியாதவர் என்று அன்றைய புகைப்படக்காரர்கள் எழுதினார்கள். தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் அவர் லென்ஸைத் திருகுவதை நிறுத்திக்கொண்டார். 1875-ல் இலங்கைக்கு வந்து அங்கே ஊர் மக்களையும் படம் எடுத்தார். 1879-ல் அங்கேயே காலமானார். அவரை மற்றவர்களிடமிருந்து முதலில் பிரித்துக் காட்டியது என்ன என்று பாருங்கள். அவர் எடுத்து வைத்த அந்த இரண்டு அடிகள்.

ப்ரீசெட் உங்கள் படத்தை இன்னொருவர் படம் மாதிரி ஆக்குகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அது இன்னொருவர் ஊரின் வெளிச்சத்துக்கு, இன்னொருவர் தோலுக்குச் செய்தது. மூன்று மாதம் எல்லா ப்ரீசெட்டையும் அழித்து வையுங்கள். வெளிச்சம், கான்ட்ராஸ்ட், வெள்ளைச் சமன் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) மூன்றை மட்டும் கையால் சரிசெய்யுங்கள். முதலில் படம் வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையில்தான் என்ன குறைகிறது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

50 வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 50-ல் வைத்து ஒரு செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். அம்மாச்சி தெருவில் ஏழெட்டு பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரிடமும் வாரத்துக்கு ஒருமுறை போங்கள். முதல் தடவை போகும்போது கேமராவைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம். தார் சுற்றுவதைப் பாருங்கள், நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாம் தடவையிலிருந்து எடுங்கள். ஒரு ஆளுக்கு 12 படம், அதற்கு மேல் வேண்டாம். எங்கள் யாஷிகா ரோல் கணக்குத்தான், ஷட்டரை அழுத்தும் முன் கையை நிதானமாக்கும். ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை அடியிலிருந்து எடுத்தீர்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். டேப் பிடித்து அளக்க வேண்டாம், தரையில் எடுத்து வைக்கும் ஒவ்வோர் எட்டும் இரண்டரை அடி என்று கணக்கு வைத்தால் போதும். மாதக் கடைசியில் உங்களுக்கே பிடித்த இருபது படத்தைத் தனியாக எடுத்து நோட்டோடு ஒப்பிடுங்கள். ஏதோ ஒரு தூரம் திரும்பத் திரும்ப வரும். நாலரையாக இருக்கலாம், ஏழாக இருக்கலாம். அதற்கேற்ற லென்ஸ் எது என்று அப்புறம் நீங்களே எனக்குச் சொல்வீர்கள். நான் 50 என்று சொன்னது தப்பாகிப்போனால் எனக்குச் சந்தோஷம்தான்.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் ஒன்று: மொபைல் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக எதுவும் தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். வாங்கிய லென்ஸை மழைக்காலத்தில் தோல் பைக்குள் அடைத்து வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

அம்மாச்சி படத்தை மறுபடியும் எடுங்கள். காலையில், வாசலுக்கு மூன்றடி உள்ளே, நாலரை அடி தள்ளி, எஃப் 4. மூக்கைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே எடுங்கள். கடையில் கொடுத்து ஆறுக்கு எட்டு பிரிண்ட் போட்டு முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.